மல்லாட்டைக்குப் பூஞ்சை, அதிரசத்துக்குத் தடை

மண்ணூர்
தை மாசம், 1991

குன்றத்தூர்ல கீற என் பொண்டாட்டியோட அண்ணனும், கப்பல்ல மல்லாட்ட ஏத்துற, போர்டுல மட்டும் வேர்க்கடலன்னு எழுதிக்கீற கம்பெனிக்கு புரோக்கரும், என் புள்ள ரகுவுக்குப் பொண்ணு குடுக்கப்போற சம்பந்தியுமாகிய மச்சான் தாண்டவராயனுக்கு, பலராமன் கைகூப்பி எழுதிக்கிறது. இங்க நான், ஒன் தங்கச்சி சுந்தராம்பா, ரெண்டு மாடு எல்லாரும் சொகம். நீயும் சொகமா இருக்கணும், இல்லாங்காட்டி நான் யாரத் திட்றது?

நிற்க வேணாம், உக்காந்தே படி. நீ அனுப்ன நிச்சயதார்த்த அதிரசம் மூணு டின்னு ஒரகடம் பஸ்ல வந்துச்சி. வூட்டுக்குள்ள வுடல, மாட்டுக் கொட்டாய்லயே நிறுத்தி வெச்சிக்கீறன். நம்மூரு மல்லாட்ட மூட்ட கப்பலேறிப் போயி, பூஞ்ச கீதுன்னு திரும்பி வந்துச்சே, அதே சட்டந்தான் இதுக்கும். அத வித்துத்தான் கல்யாணம்னு நான் உக்காந்துனுகீறன், நீ இன்னாடான்னா பாதி வெலைக்கு எண்ண ஆட்றவனுக்குத் தள்ளுன்ற. பாக்க வந்த வெள்ளக்காரன் பூதக்கண்ணாடி வெச்சி ஒவ்வொரு பருப்பா மொறச்சான். அப்பறம் ஒன் தங்கச்சி அவிச்சி வெச்சதுல ஒரு சட்டி காலி பண்ணிட்டு, தொப்பியில வேற ரொப்பிக்கினு போனான். ஊருக்குப் போயி, எங்க ஜனங்க தின்னா செத்துடுவாங்கன்னு எழுதுறான். இவன் மட்டும் ஜனமில்லயா? நீதானே ஒங்கூரு கோயில் மலப்படியில உக்காந்து காதுல சொன்ன: "அங்க அவங்க மல்லாட்டயே குமிஞ்சி கெடக்கு மாப்ள. வேணாம்னு சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தமாம், அதான் அழுக்குன்னு சொல்றான்."

எனக்கும் அந்தப் புத்தி வந்துடுச்சி. ஒன் பொண்ணு கலைமதிய வேணாம்னு நான் சொல்லல, தங்கமான பொண்ணு. அதிரசத்துலதான் சந்தேகம். ஒரு டின்னத் தொறந்தன், முடி கீது. எள்ளுன்றா ஒன் தங்கச்சி. "எங்கண்ணன் வூட்டுப் பலகாரத்துல முடியா? ஒன் மண்டயிலயே முடியில்ல, அது எப்டி இருக்கும்னு ஒனக்கு இன்னாயா தெரியும்?"னு கரண்டிய எடுத்துக்கினு வரா. அதுக்குன்னு சட்டத்த மாத்த முடியுமா? மல்லாட்ட நல்ல வெலைக்குப் போற வரிக்கும் குன்றத்தூர் அதிரசம் மண்ணூருக்குள்ள வராது. முகூர்த்தமும் நிறுத்தி வெச்சிக்கீது.

பொண்ணுக்கு என் ஆசீர்வாதம், ஒனக்கு என் கும்புடு, ஒன் கம்பெனிக்கு ரெண்டும் இல்ல.

இப்படிக்கு,
பலராமன்

பி.கு.: லெட்டர ஒட்டறதுக்குள்ள ஒன் ஆளு ராஜாமணி சைக்கிள்ல வந்தான். அந்த வெள்ளக்காரங்க ஊரு கெடங்குல மழத்தண்ணி பூந்து, அவங்க சரக்குக்கே பூஞ்ச புடிச்சிடுச்சாமே! திரும்பி வந்த அதே மூட்டய, பிரிக்கக்கூட வேணாம், பழைய வெலைக்கே அனுப்புன்றாங்களாம். அதனால மேல எழுதுனதெல்லாம் கேன்சல். ஒன் அதிரசம் படு சுத்தம், மூணு டின்னும் தீந்துபோச்சி, முகூர்த்தத்த வையி. மூட்டய மட்டும் இன்னும் வண்டியில ஏத்தல. கம்பெனிக்காரங்கிட்ட சொல்லு, எங்கூர்லயும் இப்ப சோதன கீதுன்னு. அவன் சொன்ன பழைய வெலய எடுத்துப் பாத்தன் மச்சான், ஒரே பூஞ்ச.