பச்சை டிக் விழுந்தாச்சா?

மரக்காணத்தில் கடவுளை நம்பாதவர்கள் சிலர் உண்டு, கரண்ட்டை நம்பாதவர்கள் நிறைய உண்டு. ஆனால் தன் சொந்தக் கண்ணையே நம்பாத ஒரே மனிதர் எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர்தான்.

கணினியில் இருக்கும் படமோ பாட்டோ இணையச் சேமிப்பில் போய்ச் சேர்ந்ததும் அதன் ஓரத்தில் பொடிசாக ஒரு பச்சை டிக் விழும். அது விழுந்தால்தான் உலகத்தில் ஒரு காரியம் நடந்ததாக அவருக்கு அர்த்தம். அதனால் ஊரே அவரை 'பச்சை டிக்' என்றது. பந்தியிலிருந்து எழுந்தால் வயிற்றைத் தட்டி, "டிக் விழுந்துடுச்சுப்பா" என்பார். ஒருமுறை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் முடித்துவிட்டு எழுந்திருக்காமல், "மேல போய்ச் சேந்துடுச்சுங்களா ஃபாதர், கன்ஃபார்மா?" என்று கேட்டார். "நீ எழுந்து போனாதான்பா சேரும்" என்றார் ஃபாதர். வரிசையில் அடுத்து நின்றவன் நான். சிரித்த பாவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உப்பளத்துக் காற்றில் என் கணினி துருப்பிடித்துச் செத்து, நான் புதிது வாங்கிய அன்று தானாகவே வந்தார்.

"இந்த ஊர் காத்து இரும்பையே தின்னுது சார். உங்க கதைய மட்டும் விட்டு வைக்குமா?"

வாசகர்களே தொடாததைக் காற்று தொடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் மரியாதையாகத் தலையாட்டினேன். இப்படித் தெருவில் கணினி இருந்த எல்லா வீட்டையும் இலவசமாக இணையச் சேமிப்போடு இணைத்துவிட்டார். இணைத்தது மொத்தமும் ஒரே கணக்கில்.

"ஆளுக்கொரு பாஸ்வேர்டு குடுத்தா ஆளுக்கொரு நாள் மறந்துட்டு என் கடைக்குதான் வருவீங்க. ஒண்ணே ஒண்ணுன்னா நான் ஒருத்தன் ஞாபகம் வச்சுக்கறேன்ல?"

விளைவு, எல்லார் வீட்டுச் சரக்கும் எல்லார் வீட்டிலும் இறங்கியது. அவர் எடுத்த கல்யாணப் படங்கள் என் கணினிக்கு வந்தன. பாடற்குழு எஸ்தர் டீச்சரின் பாட்டுகளும் வந்தன. என் அரைகுறைக் கட்டுரைகள் டீச்சர் வீட்டுக்குப் போயின. பூசை முடிந்து வரும்போது டீச்சர் என்னை நிறுத்தி, "சார், மூணாவது பாரால சிரிப்பே வரலையே?" என்பார். அச்சுக்குப் போகாத கட்டுரைக்கு விமர்சனம் வாங்கிய எழுத்தாளன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான்.

டிக் விழுந்த மறுநொடி கேமரா கார்டைத் துடைத்துவிடுவது அவர் வழக்கம். "மேல பத்திரமா இருக்குது. கீழ எதுக்கு?"

உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையின் மகள் செல்விக்குக் கல்யாணம் ஆனது. படம் எடுத்தவர் இவர் ஒருவர்தான். கார்டும் வழக்கம்போலத் துடைக்கப்பட்டது. இரண்டாவது வாரம் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தவரின் கண் முன்னாலேயே செல்வியின் கல்யாணம் ஒவ்வொரு படமாக மறைந்துகொண்டிருந்தது.

அழிப்பது டீச்சரின் லேப்டாப் என்று திரையிலேயே காட்டியது. எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு ஓடினார். டீச்சர் பெருமையாகச் சொன்னார்: "லேப்டாப்புல எடமே இல்லண்ணா. யார் யார் கல்யாணமோ கெடந்துது. எல்லாத்தையும் தொடச்சுட்டேன். அந்தக் குப்பத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

ஒரே கணக்கு. ஒரு வீட்டில் அழித்தால் இணைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அழியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் என் வீட்டைப் பார்த்து ஓடி வந்தார். எங்கள் ஊரில் ஒருவர் ஓடினால் மற்றவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், பிறகு உப்புக் குவியலை மூடத் தார்ப்பாயைத் தேடுவார்கள். கொளுத்துகிற வெயிலில் பாதி உப்பளம் தார்ப்பாயோடு எழுந்துவிட்டது. முன்னால் நின்றவள் அஞ்சலை.

"மழையாண்ணா?"

"மழ இல்லம்மா" என்றாராம். அதற்கு மேல் அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக ஓடியிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அஞ்சலையும் பின்னாலேயே வந்தாள்.

"சார், உங்க மெஷின் ஆன்ல இருக்குதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எங்கண்ணா! போன வாரத்துலேர்ந்து அத தொடவே இல்ல. தெனம் எழுதறேன்னு போன்லதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

பச்சை டிக் என்னைக் கட்டிக்கொண்டார். "சார், நீங்க தெய்வம்!"

எழுதியதற்காக யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. எழுதாமல் இருந்ததற்குத்தான் அந்தப் பட்டம் கிடைத்தது.

அணைந்து கிடந்த கணினிக்கு டீச்சர் அழித்த செய்தி இன்னும் எட்டியிருக்காது. வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கி, பாம்பைப் பிடித்தவர் மாதிரி கையில் இறுக்கிக்கொண்டார். "இப்ப ஆன் பண்ணுங்க." என் கணினி என்னைப் போலவே நிதானமாக எழுந்தது. செல்வியின் கல்யாணத்தைத் திறந்தோம்.

முதல் படத்தில் செல்வி இல்லை. மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் பச்சை டிக் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றார். எந்தக் கல்யாணத்திலும் வெளிச்சம் பார்க்க முதலில் தன்னைத்தான் எடுத்துக்கொள்வார். அடுத்த படத்தில் செல்வி வந்தாள். அதற்கடுத்ததிலும். அஞ்சலை தார்ப்பாயைக் கீழே போட்டாள்.

"பாப்பா சிரிக்குது பாரு" என்றாள்.

எல்லாப் படத்தையும் பென்டிரைவில் ஏற்றினார். முகம் மட்டும் தெளியவில்லை. "நெட்டு இல்லாம டிக் விழாதே சார். வந்துடுச்சுன்னு எப்படி நம்பறது?"

அஞ்சலைதான் பதில் சொன்னாள். "அதான் ரெண்டு கண்ணால பாத்துட்டோமேண்ணா. இன்னும் என்னா ஒனக்கு?"

அந்த வாரமே எல்லாருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தார். என்னுடையதை மட்டும் தன் கணக்கிலிருந்து பிரிக்கவில்லை. "உங்க மெஷின விட சேஃப்பான எடம் ஏது சார்? அத யாரு தொறக்கப் போறா?"

இப்போது ஸ்டூடியோவைக் கோட்டக்குப்பத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். பார்த்து ரொம்ப நாளாகிறது. ஆனால் எங்கே கல்யாணம் எடுத்தாலும் முதல் படம் என் கணினிக்கு வந்துவிடுகிறது. அதே தூக்கிய விரலோடு அவர் தனியாக நிற்பார். இன்று காலையும் ஒன்று வந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறார், தலைக்குச் சாயம் போடுவதை விட்டுவிட்டார்.

கட்டுரை எழுதுகிறேனோ இல்லையோ, இப்போதெல்லாம் விடிந்ததும் கணினியைத் திறந்துவிடுகிறேன். அவர் முகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை டிக் விழுந்த பிறகுதான் காபி குடிக்க எழுந்திருக்கிறேன்.