கங்காணிக்கு ஒரு விண்ணப்பம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு, மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே உள்ள எஸ்டேட் குவார்ட்டர்ஸில் கூடியிருந்தவர்கள் வருமாறு: சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் வீட்டுக்காரர், ஹெட் கிளார்க் சூசையப்பன். சோபாவின் இடதுபக்கம் பெண் பார்க்க வந்த ரிஜின், வலதுபக்கம் அவன் அம்மா. மாதா படத்துக்குக் கீழே ஸ்டூலில், சூசையப்பனின் தங்கை மகனும் ரிஜினின் கூட்டாளியுமான ஜீப் டிரைவர் வினோ. சமையலறை வாசலில் முறுக்குத் தட்டோடு சூசையப்பனின் மனைவி மதலேனம்மாள். அவளுக்குப் பின்னால், பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும், கல்யாணப் பெண் ஜெஸ்னா.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சூசையப்பன் அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

"லீவு நாள்ல என்ன செய்வீய தம்பி?"

ரிஜின் மூணாறில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். பொய் சொல்லத் தெரியாதவன்.

"சுடுவேன் மாமா."

மதலேனம்மாள் முறுக்குத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாரை?" என்றார் சூசையப்பன்.

"எதிர்ல யாரு வந்தாலும்."

"கம்ப்யூட்டர்ல மாமா! கம்ப்யூட்டர்ல!" வினோ ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டான். "கேம் அது. வெறும் விளையாட்டு."

"தினமும் விளையாடுவீயளோ?"

"சாகுற வரைக்கும் மாமா. செத்துட்டா மறுபடியும் முதல்ல இருந்து."

"இதுவரைக்கும் எத்தனை தடவை செத்திருக்கீய?"

ரிஜின் மோவாயைத் தடவினான். "இந்த வருசத்துக்கு மட்டுமா?"

சமையலறைக்குள் யாரோ சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது. சூசையப்பன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க பதிலைப் பதினஞ்சு நாளைக்குள்ள எழுத்துல தெரிவிக்கேன்."

அவர் அப்படித்தான். இருபத்தாறு வருடமாக எஸ்டேட் ஆபீஸில் எதையும் எழுத்தில் செய்தே பழகியவர். குழம்பில் உப்பு குறைந்தால்கூடச் சீட்டெழுதித் தட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போவார். தேதி வலதுபக்கம், பொருள் நடுவில், பார்வை அதற்குக் கீழே.

விருந்தாளிகள் போனதும் ஜெஸ்னா வந்து நின்றாள். மூணாறில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை. என்ன வேலையென்று சூசையப்பன் விசாரித்ததில்லை. 'டைப்பிங்' என்று மகளின் ஃபைலில் குறித்து வைத்திருந்தார்.

"அப்பா, இந்த விசயத்துல நான் ஒண்ணு சொல்லணும்."

"வாயால சொல்லுததுக்கு ஆதாரம் கிடையாதும்மா. எதுவா இருந்தாலும் எழுத்துல வரணும்."

"யாருக்கு எழுதணும்?"

"சம்பந்தப்பட்டவங்களுக்கு."

ஜெஸ்னா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது சிக்கல் இதுதான்: பார்க்காத ஒன்றைப் பற்றிச் சூசையப்பன் எழுதமாட்டார். ஆகவே திங்கள்கிழமை சாயங்காலம் வினோ தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது ரொம்பப் பழைய கேம் மாமா. இதுக்கப்புறம் எத்தனையோ பளபளப்பா வந்துட்டு. ஆனா பயலுவ இதை விடமாட்டேங்கானுவ. பாழடைஞ்ச ஊரு, பனி, பசி, நாய். எங்க போகணும்னு யாரும் சொல்லமாட்டான். தப்பு செஞ்சா செத்தோம், அவ்வளவுதான்."

"நம்ம எஸ்டேட்டுல புதுசா வேலைக்குச் சேந்த மாதிரின்னு சொல்லு."

"அதேதான். ரிஜின் விளையாடுதது இதோட மோடு."

"மோடா? மேடா?"

"மோடு மாமா. ரெடிமேடு சட்டையை டெய்லர்கிட்ட குடுத்து நம்ம அளவுக்குப் பிடிச்சுத் தைக்கோம்ல? அந்த மாதிரி, கேமை வாங்கினவனே பிரிச்சு மாத்தித் தைக்கிறது. இதை யாரோ நம்ம பக்கத்து ஆளு தைச்சிருக்கான். பேரு, பதினாலாம் நம்பர் காடு."

திரை வெளுத்தது. வெளுப்புக்குள்ளிருந்து மெல்லத் தேயிலைச் செடிகள் தெரிந்தன. தூரத்தில் ஃபேக்டரிச் சங்கு. ஆளில்லாத லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. ஒரு வீட்டு வாசலில் காயப்போட்ட கம்பளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சூசையப்பனுக்கு முதுகு சில்லிட்டது. சன்னல் சாத்தியிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குள் நாய் கடித்துச் செத்துப்போயிருந்தார்.

இரண்டாம் முறை தாகத்தால் செத்தார். மூன்றாம் முறை, அறிவிப்புப் பலகையை முழுவதும் வாசிக்க நின்றபோது பின்னாலிருந்து சுட்டார்கள்.

"நோட்டீசு போர்டைப் படிக்கிறவனைச் சுடலாமா வினோ? இது என்ன நியாயம்?"

"இங்க நியாயம் கிடையாது மாமா."

சூசையப்பன் ஒரு புது நோட்டை எடுத்துக் கட்டம் போட்டார். சாவு எண், இடம், காரணம், இனி செய்ய வேண்டியது. புதன்கிழமைக்குள் நாற்பத்தொரு சாவு பதிவாகிவிட்டது. அதில் பத்தொன்பது, நாய்.

வியாழக்கிழமை காலை, கொழுந்து லாரியில் வேலை பார்க்கும் சுடலை முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"அய்யா, எனக்குக் காய்ச்சல்னுதானே லீவு சொன்னேன்?"

"ஆமா."

"மஸ்டர்ல 'காரணம்: நாய்'னு எழுதியிருக்கியளே! அதைப் பாத்துட்டு டிஸ்பென்சரியில ஊசி போட்டுட்டாவ. இன்னும் பாக்கி இருக்காம்!"

சூசையப்பன் வருகைப் பதிவான மஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கையெழுத்துதான். சுடலைக்கு மேலே, முதுகுவலியென்று வராதவருக்கு நேரே 'பின்னாலிருந்து சுட்டது' என்று இருந்தது.

இதைச் சரிக்கட்ட ஒரே வழி, மஸ்டர் பக்கமே போகாமல் இருப்பது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகச் சூசையப்பன் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'ஆய்வு' என்று போட்டார்.

"பொண்ணு கல்யாணத்துக்குன்னு சேத்து வச்ச லீவு அது!" என்று மதலேனம்மாள் தலையிலடித்துக்கொண்டாள்.

"கல்யாண ஜோலிதான் பாக்கேன். நாய்க்கு இப்ப நான் பயப்படுதது இல்ல."

உண்மைதான். சனிக்கிழமை அவர் லயத்தைத் தாண்டிவிட்டார். ஓடையைத் தாண்டிவிட்டார். ஃபேக்டரி கேட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு கிளார்க். சாம்பல் நிற ஸ்வெட்டர், மஃப்ளர், பையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனா.

"விண்ணப்பம்?" என்றான் கிளார்க்.

காட்டுக்குள் அலைந்து ஒரு விண்ணப்பத் தாளைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மூணு காப்பி."

மூன்று காப்பி கொண்டுவருவதற்குள் ஏழு முறை செத்தார். கடைசியில் கொடுத்தபோது, "கீழே ஒப்பு இல்லை" என்று கிளார்க், கையெழுத்தில்லாத தாளைத் திருப்பிவிட, பனிக்குள்ளிருந்து வந்த காட்டுமாடு மோதிச் சூசையப்பன் எட்டாம் முறையும் போய்ச் சேர்ந்தார்.

"இந்தக் கேட்டுகிட்டதான் எல்லாப் பயலும் சாவான் மாமா," என்றான் வினோ.

சூசையப்பனின் கண்கள் பளபளத்தன. "ஒப்பு இல்லைன்னா நானும் இதைத்தான் செய்வேன். எவ்வளவு ஒழுங்கான ஆளு பாத்தியா? இப்படி ஒருத்தன் நம்ம ஆபீஸ்ல உண்டா?"

வினோ அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதைத் தைச்சவன் யாரு?"

"கங்காணின்னு மட்டும்தான் பேரு. ஆளு யாருன்னு எவனுக்கும் தெரியாது. ஆன்லைன்ல கண்டவனும் திட்டுதான்னு, தபால்ல வந்தா மட்டும்தான் படிப்பானாம். தபால் பெட்டி எண் முப்பத்தொண்ணு, மூணாறு."

சூசையப்பன் அறிந்த கங்காணிகள் எல்லோருக்கும் மீசை உண்டு. ஆகவே இந்தக் கங்காணிக்கும் மனதுக்குள் ஒரு மீசை வரைந்துகொண்டு, அன்றே கடிதம் எழுதிச் சிவப்புப் பெட்டியில் போட்டார். பொருள்: கேட்டில் உள்ள குறைகள். அதாவது, சாட்சிக் கையெழுத்து கேட்காமலே கிளார்க் தாளை வாங்குவது விதிமீறல்.

நான்கு நாளில் கேம் மாறிவிட்டது. கிளார்க் இப்போது இரண்டு சாட்சி கேட்டான். மறுநாள் தபாலில், டைப் செய்த ஒரு பதிலும் வந்தது. தேதி வலதுபக்கம், பொருள் நடுவில், பார்வை அதற்குக் கீழே. 'தாங்கள் சுட்டிய குறை நீக்கப்பட்டது. தங்களைப் போன்றவர்களால்தான் இந்தக் காடு இன்னும் உயிரோடிருக்கிறது. பணிவுடன், கங்காணி.'

"மதலேனா! இந்தக் காலத்துல பார்வை போட்டு எழுதுற பையன் ஒருத்தன் இருக்கான்டீ!" சூசையப்பன் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு ஏத்த ஆளுதான்," என்றாள் மதலேனம்மாள். ஜெஸ்னா இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனாள்.

பதினான்காம் நாள் ரிஜினே ஃபோனில் கூப்பிட்டான்.

"மாமா, நீங்களும் விளையாடுதியளாம்? கேட்டைத் தாண்டியாச்சா?"

"இன்னும் இல்ல. நீரு?"

"அந்தக் கிளார்க்கை நினைச்சாலே பயமா இருக்கு மாமா. ஆறு தடவை சுட்டுப் பாத்துட்டேன். சாகவே மாட்டேங்கான்."

சூசையப்பன் எழுந்து நின்றார். "சுட்டீரா? ட்யூட்டியில இருக்கிற ஆளையா?"

"இல்ல மாமா, அது வந்து..."

ஃபோனை வைத்துவிட்டார்.

"நல்ல பையனாச்சே!" என்று மதலேனம்மாள் கைகளைப் பிசைந்தாள். "ஜெஸ்னாவை ஒரு வார்த்தை கேளுங்க."

"கிளார்க்கைச் சுடுதவனுக்கு ஒரு கிளார்க் பொண்ணு குடுக்க முடியுமா? வேற வரன் நான் பாத்துட்டேன்."

அன்று மத்தியானம் முழுவதும் எழுதினார். மூன்று வரைவைக் கிழித்துப்போட்டு நான்காவதை முடித்தார். பொருள்: என் மகள் செல்வி ஜெஸ்னாவின் திருமணம். பார்வை: தங்கள் மேலான கடிதம். உள்ளே, மகளின் படிப்பு, குணம், பங்குக் கோயில் பெயர், ஒரு ஃபோட்டோ. 'தாங்கள் அவளை மணக்கச் சம்மதிக்க வேண்டுகிறேன். இயலாதெனில், ரிஜின் என்றொரு வரன் உள்ளது. அவன் கிளார்க்கைச் சுட்டவன். அவனுக்குக் கொடுக்கலாமா என்பதையும் தாங்களே முடிவு செய்து எழுத்தில் தெரிவிக்கவும். இந்த விஷயத்தில் தங்கள் சொல்லே இறுதி. அதற்கு நானும் என் மனைவியும் கட்டுப்படுவோம்.' கீழே ஒப்பு. அதற்குக் கீழே, சாட்சியாக மதலேனம்மாளின் ஒப்பு. அவள் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

இதைச் சிவப்புப் பெட்டியை நம்பிப் போட முடியுமா? மறுநாள் வினோவின் ஜீப்பில் மூணாறு தபாலாபீஸுக்கே போனார். உறையின் விளிம்பை மூன்று முறை பசை தடவி ஒட்டி, மேலே கைக்குட்டையால் அழுத்தி, ஸ்பீடு போஸ்ட் கவுண்டரில் நீட்டினார்.

கவுண்டரில் மூக்கம்மாள். பல வருடப் பழக்கம். நிறுத்தாள், சீட்டு ஒட்டினாள், முத்திரை குத்தினாள், உறையைப் பின்னாலிருந்த பையில் வீசினாள். ரசீதைக் கிழிக்கும்போதுதான் விலாசத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணாம் பெட்டிக்கா? இதுக்குப் போயி ஸ்பீடு போஸ்ட்டு எதுக்கு அண்ணாச்சி, வீட்டுலயே உங்க ஜெஸ்னா கையில குடுத்திருக்கலாமே, பெட்டிச் சாவி அதுகிட்டதானே இருக்கு!"