விடை இல்லை என்று கண்டுபிடித்தவன்

நகைச்சுவை உணர்வு உள்ளவனிடம் கம்ப்யூட்டர் திரையில் என்ன எழுதுவது என்கிற பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தவன் என் நண்பன் ஜெபா. உணர்வு உள்ளவன் நான் (அப்போது அப்படித்தான் நினைப்பு).

இரண்டாயிரங்களின் தொடக்கம். முடிச்சூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நாங்கள் இருவர், ஒரு கம்ப்யூட்டர், சத்தம் மட்டும் போடும் ஃபேன். கல்லூரிப் பிள்ளைகளை அலறவைக்கும் இன்டெக்ரேஷன் கணக்கைத் தட்டினால் படிப்படியாகப் போட்டுக் காட்டும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். உள்ளே இருந்த கணிதம் முழுக்க ஜெபாவுடையது. பட்டன், நிறம், எழுத்து என்னுடையவை. எனக்கே புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவன் கணிப்பு.

சில கணக்குகளுக்கு, நாம் படித்த சைன், லாக் மாதிரியான சார்புகளை வைத்து விடை எழுதவே முடியாது. பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் கிறுக்கிவிட்டு, தங்களுக்குத்தான் வரவில்லை என்று நொந்துபோவார்கள். ஜெபாவின் நிரல் அதைக் கண்டுபிடித்து, ஏன் முடியாது என்று நிரூபித்தும் காட்டும். அந்த ஒரு பகுதிக்காக அவன் இளைத்தே போனான். வேலை செய்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். திரை முழுக்கச் சூத்திரம். ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று அதை ஒரு பட்டனுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் அன்பாக ஒரு வரி எழுதினேன்: "இதுக்கு விடை கிடையாது. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க." ஜெபா விழுந்து விழுந்து சிரித்தான்.

பெருங்களத்தூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி எங்கள் மென்பொருளைப் பார்க்கச் சம்மதித்தது. அவர்கள் வாங்கினால் ஜெபா பெங்களூரில் கிடைத்திருந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவான்; அதற்காகவே அங்கே அவகாசம் கேட்டிருந்தான். ஷேர் ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன் (டிவி ரிப்பேரா தம்பி என்று பக்கத்து அம்மா அக்கறையாக விசாரித்தார்).

கணிதத் துறைத் தலைவி மாணவர்கள் முன்னிலையில் கணக்குகள் கொடுத்தார். எல்லாம் டக் டக்கென்று வந்தன. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விடையே இல்லாத கணக்கு ஒன்றைத் தானே தட்டினார். ஜெபா என் கையை இறுகப் பிடித்தான். இதற்குத்தான் காத்திருந்தான்.

என் வரி வந்தது. முதல் பெஞ்சுப் பையன் உரக்கப் படித்தான். சிரிப்பில் கூரை பிய்ந்தது. பின்னாலிருந்து எவனோ ரெண்டு பிஸ்கட்டும் சேர்த்துக் கேட்டான்.

"தெரியலன்னா தெரியலன்னு போடணும் தம்பி," என்றார் மேடம்.

ஜெபா எழுந்தான். "தெரியலன்னு இல்ல மேடம். இல்லன்னு அதுக்குத் தெரியும். கீழ ஒரு பட்டன் இருக்கு, அதை மட்டும்..."

சிரிப்பு அவனை முடிக்க விடவில்லை. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "கேன்டீன் அந்தப் பக்கம். டீ சாப்பிட்டுட்டே கிளம்புங்க."

பஸ் ஸ்டாப்பில் நான் என்னென்னவோ உளறினேன்.

"விட்றா மச்சான். நல்ல ஜோக்குதான். நானே சிரிச்சேன்ல."

அடுத்த வாரம் பெங்களூர் போய்விட்டான். அங்கே ஊழியர்களின் சம்பளத்தைப் போடும் மென்பொருள். இன்டெக்ரேஷனை அவன் பிறகு தொடவில்லை. அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான். அதில் ஒருவனுக்கு அது புரியவும் இல்லை.

சில வருடம் கழித்து, சேலையூரில் அவன் மகளின் ஞானஸ்நான விருந்து. அந்த டீ கதையைச் சொல்லச் சொல்லி அவன் மனைவி கேட்டாள். சொன்னான். அவன் சொன்ன கதையில் அந்த வரியை எழுதியது அவன்தான்.

"அந்த வாய் மட்டும் இல்லன்னா மாமா எங்கயோ போயிருப்பாரு," என்றான் அவன் மச்சினன். மேசையே குலுங்கியது. ஜெபா என் பக்கம் பார்க்காமல், என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தான்.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். இன்றுவரை அந்த வீட்டில் கதை அவன் பேரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.