இரண்டு நிமிட மௌனத்துக்கு ஒரு சங்கு

சேஃப்டி ஆபீசராக இருப்பவனுக்குச் சொந்த புத்தி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் இத்தனை வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கேட்டுக்கு எதிரே, சர்வீஸ் ரோட்டோரம் ஒரு கல் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவச் சரக்கு ரயிலைத் தடுக்க, ஜோலார்பேட்டைப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்து, ரயிலையும் நிறுத்தி, ஜெயிலுக்கும் போன நான்கு உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. லாரிக்காரர்கள் அதில் சாய்ந்து பீடி பிடிப்பார்கள். (நானே ஒருநாள் அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். படித்துப் பார்க்கவில்லை.)

அந்த நால்வரில் ஒருவரின் மகள்தான் கேட்டருகே டீக்கடை வைத்திருக்கும் ரத்னம்மா. எழுபதைத் தாண்டியவர்.

"போன வருஷம் நினைவு நாளுக்கு நானும் ஒரு ஆடும்தான் இருந்தோம் தம்பி. மாலையையும் அதுவே தின்னுடுச்சு" என்றார் ஒருநாள். "ரோட்டை அகலம் பண்றாங்களாம். நாலு பேரு நின்னு கும்புடாத கல்லத் தூக்கிக் கடாசிட்டுப் போயிடுவாங்க."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். என் வாழ்க்கையின் எல்லா விபத்துகளும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

மாலை போட்டு இரண்டு நிமிட மௌனம் என்று ஏற்பாடு. காந்தி நினைவு நாளில் ஊரெங்கும் சங்கு ஊதுவார்களே, அதுபோல் எங்கள் ஆலைச் சங்கை ஊதினால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! கேட் செக்யூரிட்டி மஞ்சுநாத்திடம், "நான் கர்ச்சீப்பை ஆட்டினதும் சங்கு. ரெண்டு நிமிஷம், விடாம" என்றேன்.

அவர் தயங்கினார். "ரெண்டு நிமிஷமா சார்? கன்ஃபார்மா?"

"சொன்னதைச் செய்யுங்க."

நினைவு நாளன்று வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதிலும் சிலர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். பட்டுப்புடவையில் வந்திருந்த ரத்னம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இனியும் காத்திருக்க முடியாமல் கர்ச்சீப்பை ஆட்டினேன். சங்கு எழுந்தது. உடம்பு சிலிர்க்கக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் திமுதிமுவென்று ஷூக்களின் சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷிப்டுக்கு ஒரு சின்ன ஊதல்தான். நீளமாக ஊதினால் தீ. போட்டது போட்டபடி கேட்டுக்கு வெளியே ஓடிவந்து, அந்தக் கல்லை ஒட்டிய காலி இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் தொண்டை வற்ற இதைக் கற்றுக்கொடுத்த மகான் நான்தான். பாவிகள், ஒருவர் விடாமல் கவனித்திருக்கிறார்கள்!

பிரஸ் ஷாப் வந்தது, பெயின்ட் ஷாப் வந்தது, கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு வந்தார். கல்லின் முன்னால் வரிசை வரிசையாக வாய் திறக்காமல் நின்றார்கள். (பேசக்கூடாது என்பதும் என் பாடம்தான்.)

கடைசியாக பிளான்ட் ஹெட் ஓடிவந்தார். பெங்களூர்க்காரர். "எல்லி பெங்கி? எங்கய்யா தீ?" என்று என் சட்டையைப் பிடிக்காத குறை. அதற்குள் ரத்னம்மா அவர் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"மெஷினெல்லாம் நிறுத்திப்புட்டு எங்கப்பாவுக்காக வந்தீங்களா சாமி? அவரு ஒரு ரயிலத்தான் நிறுத்துனாரு."

ரத்னம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன. பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். மெதுவாகத் தன் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் கழற்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி நெகிழ்ச்சி, பாதி வேலை போகப்போகிறதே என்ற பயம்.

மறுநாள் மெமோ வந்தது. நேரில் அழைத்துத் திட்டியது தனிக்கணக்கு. திட்டி ஓய்ந்த பிறகு, "ஃபயர் டிரில் வருஷா வருஷம் பண்ணித்தானே ஆகணும்? அதை இந்த நினைவு நாளன்னைக்கே வெச்சுக்கோ. எனக்கு முன்னாடியே சொல்லித் தொலை!" என்றார் பிளான்ட் ஹெட். பிறகு ரோடும் அகலமானது. இத்தனை பேர் வந்து நிற்கிற கல்லாயிற்றே என்று சுற்றிலும் வேலி போட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வருடமும் எல்லோரும் வந்து நின்றார்கள். இவர்கள் ஃபயர் டிரில்லுக்காக வருகிறவர்கள் என்று தெரிந்தால் ரத்னம்மாவின் மனசு உடைந்துவிடுமே என்ற கவலை மட்டும் எனக்குத் தீரவில்லை. கூட்டம் கலைந்ததும் டீயை நீட்டியபடி அவர் சொன்னார்:

"பெயின்ட் ஷாப்பு பசங்க ரொம்ப லேட்டு தம்பி. நெசமாவே தீப்புடிச்சா என்ன பண்ணுவீங்க?"

இதை வீட்டில் சொன்னது அடுத்த முட்டாள்தனம். குளியலறையிலிருந்து நான் வெளியே வரக் கொஞ்சம் தாமதமானாலும், என் மனைவியும் மகளும் கதவைத் தட்டி இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.