மாப்பிள்ளை மாட்டிய எல்.ஈ.டி. விளக்கு

எங்கள் கொங்குப் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை இருக்கிறதே, அது உடம்புக்கு ஆகாது. மாப்பிள்ளை காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாலும், 'ருசியா இருக்குதுங்க' என்று சொல்லிக் குடித்துவிடுவார்கள். இந்த மரியாதையில் இரண்டு வருடம் ஊறினால் எந்த மனிதனுக்கும் தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது.

நான் துடியலூர்க்காரன். மில்களுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கிற ஆபீசில் வேலை. மாமனாருக்குக் காரமடைப் பக்கம் வாழைத் தோட்டம். அவரிடம் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன டிரெய்லரும் உண்டு. டிரெய்லருக்குப் பின்னால், திரும்புகிற பக்கத்தைக் காட்ட இரண்டு இண்டிகேட்டர் விளக்குகள். ஒன்று எரியாது. இன்னொன்றை மாமனார் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் எரியும், அடுத்த பள்ளம் வரைக்கும்.

அந்தச் சமயம் என் மனைவி கவிதாவின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. அக்காவைக் காங்கேயத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாராபுரம் ரோட்டில் அவர்கள் குலதெய்வக் கோயிலில் விசேஷம். தாய்மாமன் சீர் எங்கள் மாமனார் வீட்டிலிருந்து போக வேண்டும். தாய்மாமன் என்றால் என் மச்சினன் தினேஷ். குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். சீர்ச் சாமான் எல்லாம் டிரெய்லரில் போவதாக முடிவாயிற்று.

"இந்த லைட்ட வெச்சுட்டு அவ்வளவு தூரம் எப்படீங்க மாமா போறது? நான் எல்.ஈ.டி. மாட்டித் தர்றேனுங்க" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க மாப்பிள்ளை அந்தச் சிரமம்? எலக்ட்ரீசியன வரச் சொன்னா ஆச்சுங்க."

"நாலு ஒயருங்க மாமா. இதுக்கு எலக்ட்ரீசியனா?"

(நாலு ஒயர்தான். அதில் பொய்யில்லை.)

காந்திபுரத்தில் போய் நல்ல விளக்காகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில், ஜீப்புக்கு முதுகைக் காட்டி, டிரெய்லரைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பழைய ஒயர்கள் எல்லாமே அழுக்கேறி ஒரே கறுப்பு. எது எந்தப் பக்கத்து விளக்குக்குப் போகிறது என்று எந்த ஒயரும் சொல்லவில்லை. என் இடதுகைப் பக்கம் இருக்கிற விளக்கு இடது விளக்கு, வலதுகைப் பக்கம் இருப்பது வலது விளக்கு என்று நானே முடிவு செய்து முறுக்கி, டேப் சுற்றினேன். வண்டி போகிற திசைக்கு எதிராக உட்கார்ந்திருப்பவனுக்கு வண்டியின் இடது எது, வலது எது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை நடுவில் இரண்டு தடவை மோர் கொண்டு வந்து கொடுத்தார். மாப்பிள்ளை வெயிலில் காய்கிறார் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் நான் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். மாமனார் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றார்.

"லெஃப்ட் போடறேனுங்க மாமா. எரியுதுங்களா?"

மாமனார் விளக்கை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "எரியுதுங்க மாப்பிள்ளை."

"ரைட் போடறேனுங்க. எரியுதுங்களா?"

"அதும் எரியுதுங்க. ஜம்முனு எரியுதுங்க."

அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு சாதாரணச் சாப்பாடு இல்லை. உழைத்துச் சாப்பிட்ட சாப்பாடு. கவிதாவிடம் வயரிங் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். அவள் பாவம், தூங்கிவிட்டாள்.

விசேஷம் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் காது குத்தியாக வேண்டும். ஜீப்பை நான் ஓட்டினேன், பக்கத்தில் மாமனார். டிரெய்லரில் வாழைத்தார், அரிசி மூட்டை, தேங்காய் மூட்டை, ஒரு பீரோ. தினேஷும் அத்தையும் கவிதாவும் சொந்தக்காரர்களும் வாடகை வேனில் வருவதாக ஏற்பாடு. பெண்கள் கிளம்ப நேரமாகும் என்பதால் நாங்கள் முன்னால் கிளம்பிவிட்டோம்.

அன்னூர் தாண்டி ஓரிடத்தில் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். மாமனார் மெல்லத் தன் கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார்.

"மாமா, எல்.ஈ.டி. இருக்குதுங்க. கை எதுக்குங்க?"

"சும்மா பழக்கதோசமுங்க" என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். திருப்பூருக்குள் வந்ததும் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, தெளிவாத்தான் இருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஜனங்களுக்கு ரோடு ஒழுக்கமே கிடையாது என்று மாமனாரிடம் வருத்தப்பட்டேன். அவரும், "ஆமாங்க மாப்பிள்ளை" என்றார்.

திருப்பூர் தாண்டி ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். வேன் வந்து சேர்ந்தது. கோயில் இருக்கும் இடம் எங்கள் யாருக்கும் தெரியாது. லொகேஷன் என் போனுக்கு மட்டும்தான் வந்திருந்தது.

"அத எனக்கும் அனுப்பிவிடுங்க மச்சான்" என்றான் தினேஷ்.

"எதுக்கு? எம் பின்னாடியே வா. அந்த லைட்டப் பாரு, அரை மைலுக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் திரும்பு. அவ்வளவுதான்."

(சொன்னதைச் செய்தான். அவன் மேல் தப்பே இல்லை.)

காங்கேயம் வந்தது. தாராபுரம் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். வெகு முன்னாலேயே ரைட் இண்டிகேட்டரைப் போட்டேன். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, கையையும் கொஞ்சம் வெளிய காட்டீட்டீங்கன்னா…"

"லைட் போட்டிருக்கறேனுங்க மாமா."

"செரிங்க" என்று அவர் நேரே பார்த்துக்கொண்டார். எங்களுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு பஸ் நுழைந்தது. நான் கம்பீரமாக வலது பக்கம் திரும்பினேன்.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்துக்குப் பக்கம். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழுதுகொண்டிருந்தாள். காது குத்தும் பத்தர் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீர்ச் சாமான் இறங்கியது. "தாய்மாமன் எங்கீங்க?" என்று சம்பந்தி, அதாவது அக்காவின் மாமனார், கேட்டார். "பின்னாடியே வாராருங்க" என்றேன். ரோட்டைப் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டி வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

போன் போட்டேன். "தினேசு, எங்க இருக்கற?"

"நீங்க காட்டுன ரோட்டுலதானுங்க மச்சான் வந்துட்டிருக்கறோம். உங்களத்தானுங்க காணோம்."

"நான் காட்டுன ரோடா?"

"லெஃப்ட் போட்டீங்கல்லங்க. நல்லாத் தெரிஞ்சுதுங்க. இப்ப எதுத்தாப்புல மலை தெரியுதுங்க. சென்னிமலைன்னு டிரைவர் சொல்றாருங்க."

சென்னிமலை எங்கே, தாராபுரம் ரோடு எங்கே! ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. தோடு வேறு தினேஷின் சட்டைப் பையில் இருந்தது. பின்னணியில் அத்தையின் குரல் கேட்டது: "வந்ததுதான் வந்துட்டோம், அடிவாரத்துலயாவது கும்பிட்டுப்போட்டுப் போயிரலாம் கண்ணு."

பத்தரை ஆயிற்று. பத்தர் ஊசியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். "சித்தப்பா மடியில வெச்சுக் குத்தீரலாமா?" என்று யாரோ என்னைக் காட்டிக் கேட்க, "அது எப்படீங்க ஆகும்?" என்று சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராகு காலம் முடிகிற வரைக்கும் வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது என்று பந்தியைப் போட்டுவிட்டார்கள். காது குத்தாமலேயே காதுகுத்து விருந்து நடந்தது. "சீர் வந்துருச்சு, தாய்மாமனத்தான் காணோமாக்கும்" என்று ஒரு அம்மா இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார். கவிதாவின் அக்கா தூண் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகுந்த வீட்டுச் சனம் அத்தனை பேருக்கும் முன்னால் அவர் பிறந்த வீட்டின் மானத்தைச் சென்னிமலைக்கு அனுப்பிவைத்தவன் நான்.

இப்படி மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? அடுத்தவன் மேல் பாய்வேன். வேன் வந்து நின்றதும், எல்லோர் நெற்றியிலும் விபூதியைப் பார்த்ததும், "ரைட் போட்டா லெஃப்ட்ல போவியா? கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?" என்று தினேஷைப் பிடித்துக்கொண்டேன்.

"லெஃப்ட்தானுங்க மச்சான் எரிஞ்சுது."

"வா, எல்லாரும் வாங்க. வந்து பாருங்க."

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்தார்கள். மொத்தக் கூட்டத்தையும் டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறி, ரைட் இண்டிகேட்டரைப் போட்டேன். "இப்ப எது எரியுது, சொல்லுங்க" என்று கத்தினேன்.

பதிலுக்குக் கூட்டம் மொத்தமும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தது. வெற்றி என்றுதான் நினைத்தேன். மாமனார் மட்டும் மெதுவாக நடந்து வந்து, ஜன்னலில் கையை வைத்துக் குனிந்தார்.

"மாப்பிள்ளை, அது அன்னிக்கிருந்தே அப்படித்தானுங்க."

"எப்படீங்க மாமா?"

"மாத்தித்தானுங்க எரியுது."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க."

"அப்பவே ஏனுங்க சொல்லல?"

"எரியுதுங்களான்னு கேட்டீங்க. எரிஞ்சுதுங்க" என்றார். பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தி, "எல்.ஈ.டி.ன்னா அப்படித்தானாக்கும்னு மொதல்ல நெனச்சுட்டேனுங்க. உங்கத்தை வேற, மாப்பிள்ளை வெயில்ல உக்காந்து செஞ்சதப் போய்க் குத்தஞ் சொல்லாதீங்கன்னுட்டா" என்றார்.

நான் ஜீப்பிலிருந்து இறங்க வெகு நேரம் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கு மேல் காது குத்தினார்கள். அதற்குள் குழந்தை அழுது களைத்துத் தாய்மாமன் தோளிலேயே தூங்கிப்போயிருந்தாள். முதல் காது தூக்கத்திலேயே முடிந்தது. இரண்டாவது காதுக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தோடு இன்றைக்கும் கொஞ்சம் மேலேறி இருக்கும்.

அதோடு என் புது மாப்பிள்ளை மரியாதை தீர்ந்தது. 'மாப்பிள்ளை', 'ங்க' இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இப்போது மாமனார், "இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இல்லீங்க மாப்பிள்ளை" என்று நேராகவே சொல்கிறார். வீட்டில் நான் எதை மாட்டினாலும், 'எரியுதா?' என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. 'எது எரியுது?' என்றுதான் கேட்க வேண்டும்.

குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். குளித்துவிட்டு வந்தவளின் காதைத் துடைத்து மருந்து போடக் கவிதா கூப்பிட்டாள்.

"அம்மணி, எந்தக் காது வலிக்குது? லெஃப்ட்டா, ரைட்டா?"

"லெஃப்ட்டு சித்தி."

கவிதா ஒரு பக்கம் தலையைத் திருப்பப் போனாள். குழந்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தி, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நெசமான லெஃப்ட்டு சித்தி. சித்தப்பா லெஃப்ட்டு இல்ல."