கார்வெல் எட்டுக்குக் கோளாறு இல்லை

மனித குலம் இதுவரை குற்றமே இல்லாத ஒரே ஒரு பொருளைத்தான் செய்திருக்கிறது. அது கார்வெல் எட்டு என்னும் கைத்துப்பாக்கி. இதை யாரோ போகிற போக்கில் சொல்லிவிடவில்லை. பென்சில்வேனியாவில், ஹெஸ்லர்வில் தீயணைப்புக் கூடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பதினோரு பேர் கைதூக்கித் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறார்கள். 'கார்வெல் எட்டு விசுவாசிகள் சங்கம்' அன்றுதான் பிறந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கம்பெனி அந்தத் துப்பாக்கியைச் செய்வதை நிறுத்திவிட்டது. அது கம்பெனியின் அறியாமை என்று இரண்டாவது தீர்மானம் கூறுகிறது.

சங்க விதிகளில் ஆழமானது நான்காவது விதி: 'கார்வெல் எட்டுக்குக் கோளாறு கிடையாது. குணம் மட்டுமே உண்டு.' தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டால் அது கூச்ச குணம். தோட்டாக் கூடு தானாகக் கழன்று காலில் விழுந்தால் தாராள குணம். துருப்பிடித்தால் முதிர்ச்சி.

இப்படிப்பட்ட சங்கத்தின் 'பாதுகாப்பு அதிகாரி' லீலண்ட் ஷூமேக்கர். பத்தொன்பது ஆண்டுகளாக அவர்தான். பதவியின் அடையாளம் ஓர் ஆரஞ்சுத் தொப்பியும் கழுத்தில் ஒரு விசிலும். புல் வெட்டும்போதும் தொப்பி தலையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மட்டும் கழற்றுவார். பதவியின் பணி, ஆண்டு அறிக்கை எழுதுவது. அறிக்கை ஒரே வரி: 'இந்த ஆண்டு கோளாறு: இல்லை.' பத்தொன்பது முறையும் அதைத் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வசந்தத்தில் சோதனை வந்தது. கல்குவாரியில் தனியாகச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார். குதிரையை, அதாவது சுடும் விசையை, விரலால் இழுத்தார், வெடித்தது. ஆனால் பின்னால் போன குதிரை முன்னால் திரும்பி வரவில்லை. நகத்தால் தள்ளினார். வந்தது. மறுபடி சுட்டார். மறுபடி போன இடத்திலேயே நின்றுகொண்டது.

லீலண்டுக்கு வியர்த்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பருவத் தொடக்க விழா. பாதுகாப்பு அதிகாரி எட்டுத் தோட்டாக்களையும் நிற்காமல் சுட்டுத்தான் விழாவைத் தொடங்கி வைக்க வேண்டும். நடுவில் நின்றால் தொப்பி அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவர், செயலாளர் எமரி ஸ்டௌட். அவர் தன் தலையின் சுற்றளவைக் குறிப்பேட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் லீலண்ட் மெல்ல எழுந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர். அவரோட கார்வெல்ல குதிரை போனா திரும்பி வரமாட்டேங்குது."

காப்பிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. சுவரில் இருந்த மான் தலைகள்கூட வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருந்தது.

"என்னோடது ஒரு நாளும் அப்படிப் பண்ணதில்ல," என்றார் தலைவர் வெண்டல் கிரைடர்.

"என்னோடதும்."

"என்னோடதும்தான்."

பத்துப் பேரும் வரிசையாக வாக்குமூலம் கொடுத்தார்கள். எமரி ஒருபடி மேலே போனார். "ஐயாயிரம் ரவுண்டு சுட்டாச்சு. ஒண்ணுகூட சிக்கல."

"ஏய்யா, உன் தோட்டா டப்பா இன்னும் ஒட்டுப் பிரிக்காமத்தானே இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அது ரெண்டாவது டப்பாய்யா!"

வெண்டல் மேசையைத் தட்டினார். "அமைதி. லீலண்ட், உன் நண்பருக்கு விரல் கொஞ்சம் குண்டா?"

"சாதாரண விரல்தான்."

"அப்போ துப்பாக்கிக்கு அவரைப் புடிக்கல. குதிரைக்குப் பிடிவாத குணம் வந்திருக்கு. இதை ஆராயணும்."

'குதிரை குண ஆய்வுக் குழு' அங்கேயே அமைக்கப்பட்டது. எமரி வழிமொழிந்தார். குழு நவம்பரில் அறிக்கை தரும். விழாவுக்கு நான்கு நாட்கள் இருந்தன.

வீட்டுக்கு வந்து லீலண்ட் சமையலறை மேசையில் துணி விரித்தார். உள்ளே தோட்டா இல்லை என்று மூன்று முறை பார்த்தார். பதவி அப்படி. பிறகு பிரித்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார், பத்திரமாக வைத்திருந்த கடைசிப் புது ஸ்பிரிங்கையும் மாட்டினார். கைப்பிடி மாட்டாமல் இழுத்துப் பார்த்தால் குதிரை சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாம் பூட்டி முடித்து இழுத்தால் நின்றுகொண்டது. புதன் போயிற்று. வியாழன் போயிற்று. தலையில் இருந்த தொப்பி நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

மனைவி ஆர்லீன் அந்த மேசையின் மறு பாதியில் தையல் இயந்திரம் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதி இயந்திரங்கள் அவள் கைபட்டு ஓடுபவைதான்.

"எப்ப இருந்து இப்படிப் பண்ணுது?"

"பாராட்டு விருந்துக்கு அப்புறம்."

"விருந்துல அதுக்கு என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. வெண்டல் பிடி குடுத்தார்."

இது சங்கத்தின் மிக உயரிய விருது. ஆண்டுக்கு ஒருவருக்கு, வெண்டல் தன் கையாலேயே வால்நட் மரத்தில் கைப்பிடி செதுக்கித் தருவார். அதில் 'ஒருபோதும் தவறாதது' என்று பொறித்திருக்கும். முதல் ஜோடியைத் தனக்கே வழங்கிக்கொண்டார். பதினோராவது லீலண்டுக்கு.

ஆர்லீன் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பிடியின் வலப்பக்கத் திருகாணியை அரைச் சுற்று தளர்த்தினாள். "இப்ப இழு."

டிக். குதிரை போனது. வந்தது.

"இங்க பாரு. இந்தப் பக்கம் ஒரு மெல்லிசு கம்பி ஓடுது. அதுதான் குதிரையோட சேர்ந்து முன்னும் பின்னும் போகணும். உன் விருது அது கழுத்தைப் புடிச்சு நெருக்குது. உள்பக்கம் குடையவே இல்ல உங்க தலைவரு."

"பழைய பிடியை மாட்டிக்கட்டுமா?"

"தாராளமா மாட்டிக்கோ."

"வெண்டல் பார்த்தா மனசு ஒடிஞ்சிருவாரே!"

"அப்போ முன்பக்கம் அப்படியே இருக்கட்டும். பின்பக்கத்தை யாரு படிக்கப் போறா?" என்றவள், நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து விருதின் முதுகில் ஒரு சிறு பள்ளம் தேய்த்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நவம்பர் வரை காத்திருக்க வேண்டிய ஆய்வு இப்படி அநியாயமாக முடிந்துபோனது.

சனிக்கிழமை எட்டுத் தோட்டாக்களும் நிற்காமல் வெடித்தன. எமரி தன் குறிப்பேட்டை மூடிக்கொண்டார். வெண்டல் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தீங்களா! கார்வெல்னா கார்வெல்தான்!" என்று கூவியவர், பிறகு லீலண்டை வேலி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஆமா, உன் நண்பரோடது என்னாச்சு?"

"சரியாயிடுச்சு."

"யாரு பாத்தது?"

"ஆர்லீன்."

வெண்டல் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கியது. "எனக்கும் ஒரு நண்பர் இருக்காருப்பா."

திங்கட்கிழமை மதியத்துக்குள் ஆர்லீனின் மேசையில் பத்துப் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் குளியல் துண்டில் சுற்றியவை. எல்லாம் நண்பர்களுடையவை. எல்லாவற்றிலும் வால்நட் பிடி. எல்லாவற்றிலும் 'ஒருபோதும் தவறாதது'.

கடைசியாக வந்தவர் எமரி.

"உங்க நண்பருக்கு எத்தனை வருஷமா இப்படிச் சிக்குது?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"எட்டு வருஷமா."

"எட்டு வருஷம் எப்படி இதை வெச்சு சுட்டாரு?"

"எங்க சுட்டாரு? சுட்டா தெரிஞ்சிடுமே!"

அவர் போனபின் லீலண்ட் ஆண்டு அறிக்கையை எடுத்து மேசையின் ஓரத்தில், துண்டுகளுக்கு நடுவே, இருந்த சிறு இடத்தில் வைத்தார். தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

"பத்து. உன்னோடது சேத்தா பதினொண்ணு," என்றாள் ஆர்லீன், அரத்தால் தேய்த்தபடியே. "எழுதப் போறியா?"

'இந்த ஆண்டு கோளாறு: இல்லை' என்று லீலண்ட் எழுதினார். ஒரே மூச்சில். இருபதாவது முறை அல்லவா.

ஆர்லீன் எட்டிப் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்க. துப்பாக்கில ஒண்ணுமே இல்ல. கோளாறு எல்லாம் அதைப் பிடிச்சவங்ககிட்டதான்."

லீலண்ட் தொப்பியைக் கழற்றினார். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.