மூணாம் வகை அண்ணன்

கெடா மாநிலத்திலேயே, ஏன், மலேசியாவிலேயே அவரைப் போல் பயந்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், மாமியாருக்குப் பயம் என்பதெல்லாம் ஊரில் எல்லாரும் படுகிற பயம். இவர் சோயா சாஸ் பாட்டிலுக்குப் பயப்படுவார். கையை முடிந்தவரை நீட்டி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூடியைத் திறப்பார். அப்படிப்பட்டவரிடம்தான் சுங்கைப்பட்டாணியில் ஆசிட் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்று தன் கிடங்கை முழுவதுமாக ஒப்படைத்திருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டைப்பிஸ்ட். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட், உறையாமல் வைக்கிற அம்மோனியா, தோட்டத்துப் புல்லைக் கொல்கிற மருந்து, இன்னும் வாயில் நுழையாத பெயர் கொண்ட பல சரக்குகள் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி எங்களிடம் வரும். எங்களிடமிருந்து தோட்டங்களுக்கும் ஃபேக்டரிகளுக்கும் போகும். எது வந்தாலும் அது எந்த வகை என்று முடிவு செய்கிறவர், நான் அண்ணன் என்று கூப்பிட்ட அந்தப் பயந்த மனிதர்தான்.

வகை என்ன வகை என்கிறீர்களா? வெளிநாட்டில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஒரு ரசாயனத்தைக் கிடங்கிலிருந்து வெளியே அனுப்புவதற்கு முன்னால், அதனால் எவ்வளவு ஆபத்து என்று பார்த்து மூன்று வகைகளில் ஒன்றில் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்ததை அண்ணன் தமிழில் மூன்றே வரியாகச் சுருக்கிவிட்டார். முதல் வகை, சும்மா விடலாம். இரண்டாம் வகை, சொல்லிட்டு விடலாம். மூன்றாம் வகை, பார்த்துட்டு விடலாம். முதல் வகைக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டாவதுக்கு மேலிடத்துக்கு ஒரு தகவல் போதும். மூன்றாவதில் விழுந்துவிட்டால், ஆராய்ந்து பார்த்து அனுமதி வரும்வரை டிரம்மின் மூடியில் ஒரு ஈகூட உட்காரக் கூடாது.

அவர் எதையாவது முதல் வகையில் போட்டு நான் பார்த்ததே இல்லை. "சும்மா விடலாம்ங்கிறத சும்மா எழுதி வச்சிருக்காங்கம்மா" என்பார். அதனால்தான் அவருக்கு மூணாம் வகை என்று பெயர். டிரைவரிலிருந்து தவுக்கே வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். தவுக்கே என்றால் எங்கள் கிளையை எடுத்து நடத்திய சீன முதலாளி. தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

வெறும் பயம் என்றால் இந்த ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்று விட்டிருப்போம். அவரிடம் ஒரு முறை இருந்தது. சரக்கின் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே கேள்விகளை ஆரம்பித்துவிடுவார். எவ்வளவு வருது? எங்க போகுது? யார் கைல போகும்? சிந்துனா யார் அள்ளுறது? ஒரே ஆசிட்தான், பள்ளிக்கூடத்து லேப்புக்கு ஒரு குப்பி போனால் ஒரு வகை, தோட்டத்துக்கு டிரம் டிரம்மாகப் போனால் வேறு வகை.

"ஆபத்து சாமான்ல மட்டும் இல்லம்மா. அது போய்ச் சேர்ற எடத்துலயும் இருக்கு" என்பார்.

ஒருமுறை புதிதாக ஒரு களைக்கொல்லி வந்தது. தவுக்கேக்கு அவசரம்.

"கொஞ்சம்தான்லா வந்திருக்கு. ரெண்டாம் வகை போட்டு அனுப்பு."

"எங்க போகுது தவுக்கே?"

"திகாம் பத்து பக்கத்து எஸ்டேட்."

"அங்க மருந்து அடிக்கிறது யாரு?"

"பொம்பளைங்க. வேற யாரு, நானா?"

"வெறுங்காலு, வெறுங்கையி. மூணாம் வகை தவுக்கே."

அவ்வளவுதான். மூன்றாம் வகை முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பூட்ஸும் கையுறையும் வாங்கித் தருகிறோம் என்று தோட்டத்து நிர்வாகம் ஒப்புக்கொண்ட பிறகுதான் டிரம்கள் வாசலைத் தாண்டின. தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அண்ணனை வேலையை விட்டு எடுக்கவில்லை. மற்ற கிடங்குகளில் கை வெந்தது, கண் எரிந்தது என்று அடிக்கடி காதில் விழும். எங்கள் கிடங்கில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

ஆனால் இதே முறையை அவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் பாய்ச்சினார், அதுதான் தொல்லை. மழைக் காலத்தில் விற்கிற பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, இரண்டாம் வகை. எண்ணெய் எத்தனை நாள் எண்ணெய் என்று கடைக்காரரிடம் சொல்ல வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். தவுக்கேயின் மாமியார் பினாங்கிலிருந்து வருகிறார் என்றதும், "எத்தன நாள் தங்குறாங்க? யார் ரூம்ல?" என்று விசாரித்துவிட்டு மூன்றாம் வகை என்று அறிவித்தார். தவுக்கே அதை மட்டும் மறுத்துப் பேசவில்லை.

கோலா கெடாவில் மீன் வியாபாரம் செய்த தவுக்கேயின் அக்கா ஒரு நாள் பஸ்ஸில் ஒரு பெரிய பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். லேபிள் இல்லை. உள்ளே பழுப்பு நிறத்தில் தண்ணீர். தவுக்கே வெளியூரில். அண்ணன் பாட்டிலைத் துடைப்பக்கட்டையால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய் முற்றத்து நடுவில் நிறுத்தினார். சுற்றிலும் நாற்காலி போட்டு, கயிறு கட்டி, பக்கத்தில் மணல் வாளி வைத்து, "யாரும் கிட்ட போகாதீங்க" என்று தானே காவல் நின்றார். பாட்டில் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. தவுக்கே திரும்பி வந்து காரை விட்டு இறங்கிய நேரம் பார்த்து, படார்!

அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. எதிர்ச் சாரியில் இருந்த முடிவெட்டும் கடைக்காரர் பாதி வெட்டிய தலையோடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அது எங்க அக்கா ஊற வச்ச மீன் சாஸ்லா! எனக்குச் சாப்பிட அனுப்புனது!" என்று தவுக்கே குதித்தார்.

"வெடிச்சிச்சா இல்லையா?"

"வெயில்ல வச்சா வெடிக்காதா?"

"வெடிக்கும்ல? அப்ப மூணாம் வகைதான்" என்றார் அண்ணன், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இந்த மனிதரிடம்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

என் அப்பா திகாம் பத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, செமிலிங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு அப்பா கோழிக் குழம்பு சாப்பிட்டார். கை கழுவும்போது என் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை நாட்டின் அந்தக் கோடியில், ஜொகூர் குளுவாங்கில் எலெக்ட்ரீசியன். ஒரு ஞானஸ்நான வீட்டில் அவருடைய பின்னந்தலையை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாத பின்னந்தலைதான். ஆனாலும் அதை மட்டும் நம்பிக் குளுவாங் போக எனக்கு மனம் வரவில்லை. எனக்கு என் டைப்பிஸ்ட் வேலை பிடித்திருந்தது. சம்பாதித்து வாங்கிய சைக்கிள் பிடித்திருந்தது. அப்பா முன்னால் வாயைத் திறக்க மட்டும் தைரியம் இல்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு, பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்பார் சாமியார். யாரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. முதல் ஓலை முடிந்த மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னதும் அண்ணன் அசந்துபோனார்.

"மூணு தடவ நோட்டீஸா? அப்ஜெக்ஷன் சொல்ல டைம் வேறயா? அடேயப்பா, கஸ்டம்ஸ்லகூட இப்படிக் கிடையாதும்மா!" பிறகு அவருக்கே உரிய குரல் வந்தது. "ஆமா, எங்க போற?"

"குளுவாங்."

"எவ்வளவு நாளைக்கு?"

"என்னண்ணே கேள்வி இது? காலம் பூராத்தான்."

"யார் கைல?"

"ஒரு தடவதாண்ணே பாத்திருக்கேன். அதுவும் பின்னாடி."

"சிந்துனா யார் அள்ளுறது?"

சிரிக்க நினைத்தேன். அழுகைதான் வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. என்னைய யாரு கேட்டா?"

அண்ணன் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு, "பூசை எத்தன மணிக்கும்மா?" என்றார். சும்மா வேடிக்கை பார்க்க வருகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் ஓலை ஞாயிறு. நெற்றி நிறையத் திருநீற்றோடு அண்ணன் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மெழுகுவத்தி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. தூபக்கலசத்தில் நெருப்பை ஆட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டார்.

எங்கள் சாமியார் பிரான்ஸ் நாட்டுக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், பேசினால் தூய தமிழ்தான். பெயர்களை வாசித்துவிட்டு, "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தோர் அறிவிக்கக் கடவர்" என்றார். வழக்கமாக இந்த இடத்தில் நாலு பேர் இருமுவார்கள். அன்றைக்குப் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"இருக்கு ஃபாதர்."

கோயிலே திரும்பியது. அண்ணன் முன் பெஞ்சின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்பரே, தாங்கள் யார்?"

"கெமிக்கல் கம்பெனி ஃபாதர். இது மூணாம் வகை. பாக்காம விடக்கூடாது."

"அவ்விளைஞருக்கு முன்னரே மணமாகிவிட்டதோ?"

"தெரியாது ஃபாதர்."

"இருவரும் இரத்த உறவோ?"

"அதுவும் தெரியாது. எனக்கு மட்டும் இல்ல, இந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் தெரியாது ஃபாதர். அதான் தடை. ஒரு டிரம் ஆசிட் குளுவாங் போனாக்கூட யார் கைல போகுது, சிந்துனா யார் அள்ளுறதுன்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறோம். பிள்ளைய மட்டும் சும்மா விடுறீங்களே!"

"யார்ரா அவன்?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. சாமியார் கையை உயர்த்தினார். "அமைதி. இவர் கூறுவதில் பொருள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மகளே, உனக்கு இதில் சம்மதமா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. "தெரியாது சாமி. அவர்கிட்ட நான் பேசணும்" என்றேன். மூன்றாம் ஓலை நின்றது. வீட்டில் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். மற்றவர்களிடம் பேசியதெல்லாம் அந்தக் கெமிக்கல்காரனை என்ன செய்யப்போகிறேன் என்பதுதான்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அப்பா வர மறுத்துவிட்டார். சாமியார் கேட்டுக்கொண்டதால் அண்ணனும் ஒரு மூலையில் இருந்தார். மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். நல்ல முகம். எங்கே வீடு, யார் யார் இருக்கிறார்கள் என்று அண்ணன் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில், "சிந்துனா யாரு தம்பி அள்ளுவா?" என்றார்.

"என்ன சிந்துனாண்ணே?"

"என்ன வேணா. சோறு, கொழம்பு, கோவம்."

மாப்பிள்ளை உண்மையாகவே யோசித்தார். "எங்க வீட்ல எது சிந்துனாலும் அம்மாதாண்ணே அள்ளுவாங்க" என்றார். அவர் அம்மா பெருமையாகத் தலையாட்டினார்.

எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "நான் அங்க வேலைக்குப் போலாமா?" என்று நானே கேட்டேன். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"வேணாம் சாமி" என்றேன். மாப்பிள்ளை முகத்திலும் வருத்தம் இல்லை. பரீட்சை ரத்தான பையனைப் போல் இருந்தார், பாவம்.

நான் அந்த வேலையில் இன்னும் பல வருஷம் இருந்தேன். பிறகு நானே பேசிப் பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு ஒருவரைக் கட்டிக்கொண்டேன். இன்று இந்தப் பத்தியை நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அதில் அண்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அவரை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது, நான் வேண்டாம் என்று சொன்னதற்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலைதான்.

கிடங்குக்குள் நுழைந்தால், அண்ணன் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. டிரைவரிடம் இரவல் வாங்கியிருக்கிறார்.

"உங்கப்பா வருவாராம்மா?"

"குடையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனாருண்ணே. அம்மா பிடிச்சு வச்சிருக்காங்க."

"அடிப்பாரா?"

"அடிச்சாலும் அடிப்பாரு. நீங்க லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்கண்ணே."

அண்ணன் வாசலைப் பார்த்தார், டிரம்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அவரு வர்ற நேரம் நான் இல்லன்னா, உன்னையத்தானேம்மா அடிப்பாரு? நான் இருக்கேன்" என்று சொல்லி, ஹெல்மெட் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

அப்பா வரவில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டும்வரை அண்ணன் அந்த ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. காலையில் அவரை அப்படியே விட்டுவிட்டு நான் மேலே போய் டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அன்று காலை முழுக்க ஒரு எழுத்துகூட எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை.